லிங் சகோதரர்கள் கம்பெனியின் இரண்டு இயக்குநர்கள்

மீ ஹுவா அடுப்புக்குள் கைவிடுவதைப் பார்க்கவே ஈப்போவிலிருந்து கார் கட்டிக்கொண்டு ஆட்கள் வருவார்கள் என்று நான் சொன்னால், என் மனைவி, "ஒரே ஒரு கார் வந்துச்சு, அதுவும் வழி தவறி வந்துச்சு" என்று திருத்துவாள். அவள் பேச்சை விடுங்கள். சித்தியவானில் கொம்பியா ரொட்டி சுடுகிறவர்கள் பலர் உண்டு. மீ ஹுவாவைப் போலச் சுடுகிறவர் கிடையாது. ஆளுயர மண் அடுப்பின் வயிற்றில் சிரட்டைத் தணல் கனன்றுகொண்டிருக்கும். உள்ளங்கையைத் தண்ணீரில் நனைப்பாள், மாவை எடுப்பாள், தோள் வரைக்கும் உள்ளே விட்டுப் பட்டென்று சுவரில் அறைவாள். நாம் ஒருமுறை தும்மி முடிப்பதற்குள் அடுப்பின் உட்சுவர் முழுக்க ரொட்டி ஒட்டியிருக்கும். கையில் ஒரு ரோமம் கருகாது.

கடை அவள் புருஷன் லிங் சியோங் பிங்குக்கும் அவன் தம்பி சியோங் தாய்க்கும் பொது. ஆனால் அடுப்பு ரோட்டைப் பார்த்து நின்றதால், வருகிறவன் போகிறவன் எல்லாருக்கும் முதலாளியம்மா மீ ஹுவாதான். "தவுக்கே சோ, வெங்காயம் பத்து", "தவுக்கே சோ, இறைச்சி இருபது" என்று காலையிலிருந்து அவளுக்குத்தான் அர்ச்சனை. தம்பி மனைவி சூ கிம் பின்கட்டில் உட்கார்ந்து ரொட்டிக்குள்ளே வைக்கிற வெங்காயத்தை நறுக்குவாள். ஒரு துக்கமும் இல்லாமல் பதினைந்து வருஷம் அழுதவள் அவள். அவள் பெயர் என்ன என்று கேட்டால் பாதி வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்தில் ஒரு சூப்பர்மார்க்கெட்காரன் வந்து நெருப்பை வைத்தான். அவனுடைய கிளைகளுக்கெல்லாம் கொம்பியா வேண்டுமாம். ஆனால் கடையோடு பேச மாட்டானாம், கம்பெனியோடுதான் பேசுவானாம். பெயருக்குப் பின்னால் 'செண்டிரியான் பெர்ஹாட்' என்று வால் இருந்தால்தான் அவன் கணக்கில் நீ மனிதன்.

நான் ஊரில் கம்பெனிகளைப் பதிவு செய்து கொடுக்கும் செயலாளர் மேடம் லாவ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். ஓய்வு எனக்கு இரண்டைக் கொடுத்தது: சர்க்கரை வியாதி, அடுத்தவர் விஷயத்தில் தலையிட நேரம். அண்ணனும் தம்பியும் கோப்பி வாங்கிக் கொடுத்து யோசனை கேட்டபோது எனக்கு இருபது வயது குறைந்துபோனது. கம்பெனி என்றால் அது தனியாக ஓர் ஆள் மாதிரி, சோறு தின்னாது, சாகாது, அது கெட்டு நொடித்துப் போனாலும் உங்கள் வீட்டுக் கட்டிலை யாரும் தூக்கிக்கொண்டு போக முடியாது என்று நான் விளக்கியதைக் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரனே ஒரு கம்பெனி திறக்கலாமா என்று யோசித்தான். இரண்டு பேரும் இயக்குநராகிவிடுங்கள் என்றேன்.

தம்பி கோப்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. யாரோ நண்பன் இறால் பண்ணைக்கு லாரி வாங்க இவன் ஜாமீன் கையெழுத்துப் போட்டு, நண்பன் லாரியோடு மறைந்துபோய், இவனைக் கோர்ட் திவாலானவன் என்று அறிவித்துவிட்டது. திவாலானவன் இயக்குநராக முடியாது. அதனால் தம்பிக்குப் பதில் அவன் மனைவி என்று முடிவானது. அண்ணன் சியோங் பிங் ஒரு இயக்குநர், சூ கிம் ஒரு இயக்குநர். பெயர், லிங் சகோதரர்கள் உணவு செண்டிரியான் பெர்ஹாட். இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

அன்று மதியம் சியோங் பிங் சந்தோஷத்தில் சிவப்பு மது ஊற்றிக் கோழி மீ சுவா நூடுல்ஸ் சமைத்து எல்லாருக்கும் அவனே பரிமாறினான். நல்ல காரியத்தில் யாருக்கு மரியாதையோ அவர் கிண்ணத்தில் இரண்டு முட்டை வைப்பது அவர்கள் வழக்கம். அந்த அசடன் சூ கிம் கிண்ணத்தில் இரண்டு முட்டை வைத்தான். தன் கிண்ணத்தில் இரண்டு வைத்துக்கொண்டான். மனைவி கிண்ணத்தில் ஒன்று. மீ ஹுவா அந்த ஒற்றை முட்டையைப் பார்த்த பார்வையில் அது இன்னொரு தடவை வெந்திருக்கும். சாப்பிடவில்லை. முட்டையைக் கரண்டியால் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றி உருட்டிக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாதிரியார் மனைவி கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்திருக்கிறாள். மீ ஹுவா சிரித்த முகத்தோடு திரும்ப, அந்த அம்மாள் அவளைத் தாண்டிப் பின்னால் நின்ற சூ கிம்முடைய கையைக் குலுக்கி, இயக்குநர் ஆகிவிட்டீர்களாமே என்றாளாம். அன்று பாடின பாட்டில் மீ ஹுவாவின் குரல் மட்டும் தனியாக, ஒரு கட்டை மேலே, பக்கத்து ஊர் லுமுட் வரைக்கும் கேட்டது என்று சொல்கிறார்கள்.

மறுநாள் நான் கொம்பியா வாங்கப் போனேன். அடுப்பு எரியவில்லை. மீ ஹுவா ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"அங்கிள், டைரக்டருக்கு என்ன வேலை?"

கையெழுத்துப் போடுவதுதான் பெரும்பாலும் என்றேன்.

"எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதா?"

"ஏன் தெரியாது."

"அவளுக்கு அடுப்புல கைவிடத் தெரியுமா?"

நான் அணைந்திருந்த அடுப்பை எட்டிப் பார்த்தேன்.

"இருபது வருஷமா என் கை வெந்து வந்த பேரு இது. காகிதத்துல ஏறும்போது வெங்காயம் நறுக்கினவ பேரு ஏறுதா? நாளைக்கு இந்தக் கடையில நான் யாரு அங்கிள்? கூலியா?"

அதுதான் விஷயம். காசில்லை, பங்கில்லை. அந்தக் கடையில் தான்தான் முதல் பெண் என்பது போய்விடுமோ என்கிற பயம். எனக்கு அது புரிந்தது. புரிந்ததால் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மூன்றாவதாக உன்னையும் சேர்த்துவிடலாமே, சட்டத்தில் தடையில்லையே என்று வாயை விட்டேன்.

பின்கட்டில் கத்திச் சத்தம் நின்றது. சூ கிம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அது வெங்காயக் கண்ணீரா வேறா என்று தெரியாதது அவளுக்கு எப்போதும் ஒரு சௌகரியம்.

"உங்க வீட்டுல ரெண்டு ஓட்டு, எங்க வீட்டுல ஒண்ணா அக்கா? புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து என்னை வெளிய அனுப்ப ஒரு தீர்மானம் போட்டா நான் எங்க போவேன்? வீட்டுக்கு ஒரு ஆள்தான்."

"சரி" என்றாள் மீ ஹுவா. "அப்ப டைரக்டரே வந்து ரொட்டி ஒட்டட்டும்." ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அடுத்து நடந்ததைப் பார்த்த சாட்சி நான். சியோங் பிங் தானே அடுப்பு வேலையில் இறங்கினான். முதல் கையிலேயே முழங்கை வரை ரோமம் போய் உரித்த வாத்து மாதிரி ஆனது. ஒட்டின ரொட்டிகள் சுவரில் நிற்காமல் ஒவ்வொன்றாகத் தணலில் விழுந்து புகைந்தன. புகையைப் பார்த்துத் தீயணைப்பு வண்டி வந்தது. இல்லை, வரவில்லை. வந்திருந்தாலும் ஆச்சரியமில்லை என்று சொல்ல வந்தேன். வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்த்து, தவுக்கே சோ எங்கே என்று கேட்டுவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். போதாததற்கு, சூப்பர்மார்க்கெட்காரன் அந்த வாரமே ருசி பார்க்க வருவதாகப் போன் செய்தான்.

சியோங் பிங் கைக்கு மருந்து தடவிக்கொண்டே என் வீட்டுக்கு வந்தான். தன் பெயரை எடுத்துவிட்டு மனைவி பெயரைப் போடச் சொன்னான். வீட்டுக்கு ஓர் ஆள், அவ்வளவுதானே என்றான். நான் மேடம் லாவிடம் சொன்னேன். போனில் அவர் காகிதத்தைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"லிங் சகோதரர்கள்னு பேரு வச்சிருக்கீங்க. ஒரு சகோதரனையும் காணோமே."

"அடுப்பாங்கரையிலே இருக்காங்க மேடம்" என்றேன்.

பதிவு முடிந்து சான்றிதழ் வந்தது. அதைக் கண்ணாடி போட்டு மாட்டின காலையில் நான் கடை திறப்பதற்கு முன்பே போய் நல்ல நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். மீ ஹுவா வந்தாள். தலை சுருட்டி, பவுடர் போட்டு, கிறிஸ்துமஸுக்கு எடுத்த நீலக் கவுன், குதி வைத்த செருப்பு. நேராகக் காற்றாடிக்குக் கீழே இருந்த பளிங்கு மேஜையில் உட்கார்ந்து கால்குலேட்டரை எடுத்து வைத்தாள். அதில் பேட்டரி இல்லை. சியோங் பிங் பெருமூச்சு விட்டுக்கொண்டு அடுப்புப் பக்கம் நகர்ந்தான்.

அடுப்புக்கு முன்னால் ஏற்கெனவே ஓர் ஆள் நின்றது. சூ கிம்.

சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தாள். முன்கையெல்லாம் சின்னச் சின்னத் தழும்பு, சில பழையது, சில புதிது. கம்போங் கோ என்கிற ஊரில் அவள் அம்மா வீட்டில் ஓர் அடுப்பு இருக்கிறது. தேவாலயம் முடிந்து அம்மாவைப் பார்க்கப் போகிறேன், அம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று இத்தனை வருஷமாக அவள் போனது இதற்குத்தான். பின்கட்டில் இருந்துகொண்டு, முன்னால் கேட்கிற ஒவ்வொரு 'தவுக்கே சோ'வுக்கும் ஒரு வெங்காயத்தை வெட்டிக்கொண்டிருந்தவள், போய்க் கையைச் சுட்டுக்கொண்டு பழகியிருக்கிறாள். கையை நனைத்தாள், மாவை எடுத்தாள், அறைந்தாள். சில ரொட்டி காது மாதிரி இருந்தது. ஆனால் ஒன்றுகூடக் கீழே விழவில்லை.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவன் இறங்காமலே கத்தினான்.

"தவுக்கே சோ, இறைச்சி இருபது."

"ஆ, வருது" என்றாள் சூ கிம், திரும்பிப் பார்க்காமல். அந்த இரண்டு சொல்லைப் பதினைந்து வருஷம் ஊறப்போட்டு எடுத்தவள் மாதிரி சொன்னாள்.

பளிங்கு மேஜையில் கால்குலேட்டர் ஒரு தரம் நகர்ந்தது. அந்த நேரம் பார்த்துப் பழைய வாடிக்கையாளர் ஒருவர், பள்ளிக்கூட வாத்தியார், மீ ஹுவா வந்த நாளிலிருந்து அவள் கையால் வாங்கித் தின்றவர், மேஜைக்கு அருகே வந்து மரியாதையாகக் குனிந்தார்.

"மிஸ், நீங்க இன்சூரன்ஸ் ஏஜெண்டா?"

மீ ஹுவா எழுந்தாள். செருப்பை மேஜைக்கடியில் உதைத்துத் தள்ளினாள். நீலக் கவுனுக்கு மேலேயே ஏப்ரனைக் கட்டிக்கொண்டு அடுப்புக்கு நடந்தாள்.

"தள்ளு."

"நான் டைரக்டர் அக்கா."

"நானும் டைரக்டர்தான். தள்ளுன்னா தள்ளு."

"நீங்கதானே கேட்டு வாங்கினீங்க அந்த மேஜையை? போய் உக்காருங்க."

"நீதானே கேட்டு வாங்கின அந்தக் கையெழுத்தை? நீ போய் உக்காரு."

இரண்டு பேரும் போகவில்லை. ஒரே வாய் உள்ள அடுப்புக்குள் இரண்டு வலது கை போனது. இவள் ஒன்று ஒட்டினால் அவள் இரண்டு ஒட்டினாள். இவள் வெங்காயம் என்றால் அவள் இறைச்சி. அத்தனை வேகத்தில் கொம்பியா சுட்டதை சித்தியவான் பார்த்ததில்லை. கூட்டம் கூடிப் பாலம் வரைக்கும் வண்டி நின்றது. சூப்பர்மார்க்கெட்காரன் அந்த நெரிசலில் டை கோணலாக உள்ளே நுழைந்தான். சூடாக ஒன்றைக் கடித்தான், இன்னொன்றைக் கடித்தான், இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு, இங்கே முதலாளி யார், யாரிடம் பேசவேண்டும் என்று கேட்டான்.

"நான்தான்" என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அடுப்பு வாயருகே முகம் இருந்ததால் குரல் பானைக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது. அவன் இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினான். ஒப்பந்தத் தாளில் இரண்டு மாவுக் கைரேகைகள் இன்னும் இருக்கின்றன. எது பெரியது என்று ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தாளை அவனிடம் கொடுத்தார்கள்.

அன்றைக்கே முதல் இயக்குநர் கூட்டம் நடந்தது. அடுப்போரமாகத்தான், இரண்டு பேரும் இடத்தை விட்டு நகர மறுத்ததால். நான் எழுதிக்கொண்டேன். முதல் தீர்மானம், கம்பெனி இன்னோர் அடுப்பு வாங்கும். இரண்டு இயக்குநர்களும் ஒருமனதாக. பின்கட்டில் வைக்கலாமா என்று சியோங் தாய் ஒரு யோசனை சொன்னான். அவனைப் பார்த்த நான்கு கண்களைக் கண்டு, தான் இயக்குநர் ஆகாததற்குக் கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு வெங்காயத்துக்குத் திரும்பிவிட்டான். இப்போது அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் அதுதான் உத்தியோகம். காலையில் இருவரும் அருகருகே உட்கார்ந்து அழுவது பின்சந்தில் போகிறவர்களுக்கு உருக்கமாக இருக்கும்.

புது அடுப்பு வந்து பழையதற்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்தே நிற்கிறது. கடைக்குள் நுழைய ஒருவர் பக்கவாட்டில் திரும்பினால்தான் முடியும். நான் வயிற்றை எக்கிக்கொண்டு போகிறேன். பழையதை மீ ஹுவாவும் புதியதை சூ கிம்மும் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் தூக்கமில்லை. புதியதன் வாய் ஒரு விரல் அகலமோ என்று ஒருத்திக்குச் சந்தேகம். பழையதன் உயரம் ஓர் அங்குலம் கூடவோ என்று மற்றவளுக்கு. நேற்று கூட்டம் குறைந்த நேரத்தில் மீ ஹுவா என்னைக் கூப்பிட்டு, ரகசியமாக ஒரு நாடாவைக் கையில் கொடுத்தாள். நான் அளந்தேன். கொஞ்ச நேரம் கழித்து சூ கிம் ஒரு நூலைக் கொடுத்தாள். அதாலும் அளந்தேன்.

"உன்னோடதுதான் பெருசு" என்று ஒவ்வொருத்தியிடமும் தனித்தனியாகச் சொன்னேன். இன்று காலை என் பொட்டலத்தில், நான் கேட்காமலே, வெங்காயம் இரண்டும் இறைச்சி இரண்டும் கூடுதலாக இருந்தன. சர்க்கரை வியாதிக்காரனுக்கு இது ஆகாது என்று என் மனைவி சொல்கிறாள். உண்மை அளவு என்ன என்றும் கேட்கிறாள். இரண்டுக்கும் நான் வாயைத் திறக்கவில்லை, அது நிறைந்திருந்தது.