ஊற்று கோபித்துக்கொண்ட நான்கு நாள்

குழாயைத் திருகித் திருகிக் கை வலித்ததுதான் மிச்சம். 'புஸ்'ஸென்று காற்று வந்தது. மருமகள் வெறும் வாளியோடு நின்றாள். கூடத்தில் மாமனார், குளிப்பாட்டுவதற்காகக் காத்துக் கிடந்தார். டாக்டர் ஒரு வாரம் என்று சொல்லியும் பேரம் பேசி ஒரு மாதம் வாங்கிய மனிதர், இன்று காலை தோட்டத்தைச் சுற்றிவிட்டு வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே கடையைச் சாத்திவிட்டார்.

"தண்ணி லாரிக்குச் சொல்லிடட்டுமா?" என்றான் கணவன்.

"ஊத்து இருக்கிற வீட்டுக்கு லாரித் தண்ணியா? எந்திரிச்சு வந்து சண்டைக்கு நிப்பாரு."

வீட்டுக்குப் பின்னால், பாறை இடுக்கில் சுரக்கும் ஊற்று அது. கல்தொட்டியில் தானாக நிரம்பி, தானாகக் குழாயில் இறங்கி வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. "ஊறுற வேகத்துக்குத்தான் எடுக்கணும்மா, விரட்டினா கோவிச்சுக்கும்" என்று பெரியவர் சொல்லச் சொல்ல, போன வாரம் அவள்தான் மோட்டார் மாட்டினாள். மாடிக்கும் தண்ணீர் ஏற வேண்டாமா? இரண்டே நாள், குழாய் வறண்டது. "அதிகமா உறிஞ்சிட்டீங்க, ஊத்துக்கண் அடைஞ்சுபோச்சு" என்று பிளம்பர் எட்டிக்கூடப் பார்க்காமல் கையை விரித்தார். மாமனார் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்த மௌனம்தான் நான்கு நாளாக அவளை அரித்தது. இவள் கையால்தான் ஊற்று செத்தது என்ற நினைப்போடுதானே போயிருப்பார்?

பக்கத்து வீட்டு டெய்லரம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள்.

"முப்பது வருஷமா ஒரு குடம் கேட்டாலும் முறைப்பாரு. போற நேரத்துல மனசு இளகி, நாலு நாளா எங்க தோட்டத்துக்கே தண்ணியத் திருப்பி விட்டிருக்காரும்மா!"

மருமகள் பின்பக்கம் ஓடினாள். தொட்டி நிரம்பி, மதிலுக்கு அந்தப் பக்கம் வழிந்துகொண்டிருந்தது. தோள்வரை கையை விட்டுத் துழாவினாள். குழாய் வாயில் ஏதோ இறுகிக் கிடந்தது. இழுத்தாள். கம்பளிக் காலுறை. அதன் பின்னாலேயே அதன் ஜோடி.

"அப்பாவோட சாக்ஸ்தானே இது?" பின்னால் வந்த கணவன் விழித்தான்.

"நம்ம மோட்டாருக்குப் பூட்டுப் போட்டிருக்காருங்க! நானா வந்து, 'கழட்டிடறேன் மாமா'ன்னு சொல்லட்டும்னு வாயத் திறக்காம உக்காந்திருந்திருக்காரு."

வருத்தமில்லை, பேரம். முதலில் இறங்கி வருபவர் யாரென்று பார்க்கிற வியாபாரியின் மௌனம்.

"நீ சொல்லியிருக்கலாமே?"

"நாளைக்குச் சொல்லலாம்னு இருந்தேன்."

சிரிப்பு பீறிட்டது. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்து டெய்லரம்மா வந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதற்குள் உள்ளே ஓடிக் குழாயைத் திருகிய கணவன், "வருது! வருது!" என்று கத்த, துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாம் எந்த உறவுக்காரர் வண்டி வருகிறது என்று வாசலைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் காலுறைகளை அலசிப் பிழிந்தாள். கொடியில் பக்கம் பக்கமாகப் போட்டாள். உள்ளே கூப்பிட்டார்கள். "இதோ" என்றாள், சொட்டுவது நிற்கும்வரை நகரவில்லை.