வெள்ளை விரிப்பில் மஞ்சள் பொட்டு

சிரில் குடியிருந்த மலையடிவார ஊரில் பாதிப் பேர் தேனீ வளர்ப்பவர்கள். மீதிப் பேர் அவர்களைப் பக்கத்து வீட்டிலிருந்து திட்டுபவர்கள். சிரில் தேனீ வளர்ப்போர் சங்கத் தலைவர். குளிர்காலத்தில் யாருடைய பெட்டியில் ஈக்கள் செத்தாலும் அவரைக் கூட்டத்தில் எழுப்பி நிற்கவைத்துவிடுவார்.

"ஆகஸ்ட்ல தேன் எடுத்த கையோட உண்ணிக்கு மருந்து வச்சியா? ஏன் வைக்கல? உண்ணி கடிச்ச நோஞ்சான் ஈ எப்படிய்யா பனியத் தாங்கும்?"

போன வருஷம் அப்படி நின்றவர் சங்கத்துக்காரர் லோய்ஸே.

அப்பேர்ப்பட்ட சிரில், மகளுக்குக் குழந்தை பிறந்ததென்று ஆகஸ்டில் கடற்கரைக்குப் போனார். பேத்தியைக் கொஞ்சி, கணவாய் வறுவல் தின்று, இலையுதிரும்போதுதான் திரும்பினார். அரக்கப்பரக்க மருந்து வைத்தார். உண்ணி செத்தது. ஆனால் பனிக்காலத்தைத் தாண்ட வேண்டிய ஈக்கள் அதற்குள் நோஞ்சானாகவே பிறந்துவிட்டிருந்தன. ஜனவரியில் பெட்டிகளைத் தட்டிக் காதை வைத்தார். ஒன்றுகூட முனகவில்லை. திறந்தால் தேன் வைத்தது வைத்தபடி இருந்தது. அடியில் கைப்பிடி ஈ செத்துக் கிடந்தது.

சிரில் அழுததை மனைவி பெர்ணார்தா மட்டும் பார்த்தாள். வெளியே மூச்சு விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரியில் சங்கக் கூட்டம் அவர் வீட்டில். அன்று பார்த்து வெயில் சுள்ளென்று அடித்தது. குளிர் முழுக்க அடக்கிவைத்திருக்கும் தேனீக்கள் முதல் வெயிலுக்குப் பறந்து வந்து வயிற்றைக் காலி செய்யும். பெட்டி முன்னால் பனியெல்லாம் மஞ்சள் பொட்டாகிவிடும். சிரில் வீட்டுப் பனியோ பால் மாதிரி கிடந்தது.

அவர் மஞ்சள் நிறக் கடுகு சாஸைத் தண்ணீரில் கரைத்து, பிரஷ்ஷால் பனியில் தெளிக்க ஆரம்பித்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றாள் பெர்ணார்தா.

"மானத்தக் காப்பாத்துறேன்."

"சாசேஜுக்குத் தொட்டுக்க வச்சிருந்ததுங்க அது."

நிமிர்ந்தவருக்குத் திக்கென்றது. வேலிக்கு அப்பால் சோஃப்கா கிழவி வெள்ளை விரிப்புகளைக் காயப்போட்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் அவற்றைத் தேனீக்கள் நாசம் செய்வதும், அவள் ஊரைக் கூட்டுவதும் வழக்கம். இன்று துணி பளிச்சென்று ஆடியது. லோய்ஸே பார்த்தால் தீர்ந்தது கதை.

சிரில் வேலி தாண்டினார். நாலு தெளி தெளிப்பதற்குள் விரிப்பு விலகி சோஃப்காவின் முகம் தெரிந்தது. பிரஷ்ஷைச் சட்டென்று கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"அடப்பாவி! இத்தன வருஷமா அந்த வாயில்லாப் பூச்சிங்களத் திட்டினேனே, என் துணியில போனது நீதானாய்யா?"

வாசலில் சங்கத்தார் கூட்டமாக வந்து நின்றார்கள். லோய்ஸே விரிப்பின் மேல்முனையிலிருந்த பொட்டை அண்ணாந்து பார்த்தார்.

"தலைவரே, அவ்ளோ உயரத்துக்கு எப்படி?"

அந்தப் பழிக்கு உண்மையே மேல் என்று பட்டது சிரிலுக்கு. பிரஷ்ஷை வெளியே எடுத்தார்.

"என் பெட்டி எல்லாம் செத்துப் போச்சுய்யா. இது கடுகு."

லோய்ஸே தொண்டையைச் செருமினார்.

"ஆகஸ்ட்ல மருந்து வச்சீங்களா?"

"இல்ல."

"ஏன் வைக்கல?"

"பேத்தி அப்பத்தான் சிரிக்க ஆரம்பிச்சா."

லோய்ஸேதான் முதலில் சிரித்தார். பிறகு ஒருவர், "எனக்கும் மூணு போச்சு" என்றார். இன்னொருவர், "எனக்குப் பாதி. நீங்க நிக்க வைப்பீங்கன்னுதான் சொல்லல."

"எனக்கு ஒண்ணும் போகல" என்றார் லோய்ஸே. "நீங்க திட்டின திட்டுல ஆகஸ்ட் பொறந்ததுமே மருந்து வச்சுட்டேன். மே மாசம் ரெண்டு ஈக்கூட்டம் பிரிச்சுத் தரேன், வந்து எடுத்துக்குங்க."

சிரில் தலையை ஆட்டினார்.

"அதெல்லாம் இருக்கட்டும். என் துணி?" என்றாள் சோஃப்கா.

உள்ளே கூட்டம் நடந்தது. தலைவர் வெளியே வாளியில் துணி கசக்கிக்கொண்டிருந்தார். பெர்ணார்தா கொடுத்த ஜாம் போண்டாவைக் கடித்தபடி சோஃப்கா படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தாள்.

"நல்லாக் கசக்கு. தேனீக் கறையாச்சும் சோடா போட்டாப் போகும்."