கண்ணாடிக்கு வெந்நீர்

தௌலேனுக்குக் கண் போன பிறகு, காரை விற்றுத் தொலை என்று ஊரே குன்சுலுவிடம் சொல்லிப் பார்த்தது. அவள் விற்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்த கை ஸ்டீயரிங்கைப் பிடித்தது. புருஷன் பத்து வருஷம் ஓட்டிய அதே தடம்தான். காலை ஆறரைக்குக் கடை வாசலில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு, தொண்ணூறு கிலோமீட்டர் வெட்டவெளியைத் தாண்டி, வட்டார ஆஸ்பத்திரியில் இறக்கிவிட வேண்டும். மாலையில் திரும்ப அழைத்து வர வேண்டும்.

ஒரே ஒரு பிடிவாதம் மட்டும் வைத்திருந்தாள். நீலத் தண்ணீரைத் தொட மாட்டாள்.

குளிர்காலத்தில் முன்னால் போகும் லாரி உப்பும் சேறும் கலந்த பனிக்குழம்பை வாரி முன் கண்ணாடியில் அறையும். உறையாத அந்த நீலத் தண்ணீரைப் பீய்ச்சி வைப்பரை ஓட்டினால்தான் சாலை தெரியும். மெத்தனால் என்னும் விஷச் சாராயம் கலந்த மலிவுச் சரக்கைச் சாலையோரத்தில் ஐந்து லிட்டர் கேன்களில் அடுக்கி விற்பார்கள். போன வருஷம் ஜனவரியில் அப்படி ஒரு கேன்தான் அவள் தம்பி பெக்சாத்தின் உயிரைக் குடித்தது, புருஷனின் கண்ணையும் அவித்தது. பனிப்புயலில் இரண்டு பேரும் முப்பது மணி நேரம் காருக்குள் சிக்கிக்கொண்டார்கள். பெட்ரோல் தீர்ந்து சூடு நின்றுபோனது. பின்சீட்டுக்கடியில் கிடந்த கேனைத் திறந்து, அடியில் மிச்சமிருந்ததைச் சாராயம்தானே என்று குடித்துவிட்டார்கள். பெக்சாத்துக்கு வயது இருபத்தாறு.

மூடியைத் திறந்தவன் பெக்சாத்தான் என்று ஊர் சொன்னது. விசாரிக்க வந்த அதிகாரி ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று அப்படித்தான் கேட்டார், தௌலேன் தலையாட்டினான். குடிகாரப் பயல், தானும் செத்து அக்கா புருஷனையும் குருடாக்கிவிட்டுப் போனான் என்று வாய்க்கு வாய் பேசினார்கள். குன்சுலுவே குழிமேட்டில் நின்று, "நாசமாப் போனவனே" என்று தம்பியைத் திட்டினாள். அவள் அம்மா அந்த அவமானத்தில், ஊர்ப் பெண்கள் கூடியிருந்த அன்று ஒப்பாரிகூட வைக்கவில்லை.

நீலத் தண்ணீர் இல்லாததால் அரைமணிக்கொருதரம் வண்டியை நிறுத்தி, இறங்கி, கந்தலால் கண்ணாடியைத் துடைத்தாள் குன்சுலு. ரத்தம் சுத்திகரிக்க வாரம் மூன்று நாள் போகும் கிழவி ரிஸ்தி பின்சீட்டிலிருந்து குத்திக்காட்டுவாள். "ஏண்டி, நீ தொடச்சி முடிக்கிறதுக்குள்ள என் சிறுநீரகம் மண்ணுக்குப் போயிரும் போலிருக்கே!"

இதை ஒருநாள் வீட்டில் சொன்னபோதுதான், மாதக்கணக்கில் அடுப்போரத்தில் வாய் திறக்காமல் கிடந்த தௌலேன் பேசினான்.

"ஃப்ரிட்ஜ் ரிப்பேர்க்காரன்கிட்ட மெல்லிசா செம்புக் குழா இருக்கும். ரெண்டு மீட்டர் வாங்கிட்டு வா."

"எதுக்குங்க?"

"இன்ஜின் சூடு சும்மாத்தான வீணாப் போவுது. நீலத்தத்தான் தொட மாட்டேங்கற. பச்சத் தண்ணியயாவது சுட வச்சு அடிப்போம்."

சனிக்கிழமை மதியம் கொட்டகையில் வேலை தொடங்கியது. குழாய் நசுங்காமல் வளைய வேண்டும் என்று அதற்குள் பொடியுப்பைக் கொட்டி இறுக்கினான். விளக்குமாற்றுக் கட்டையில் அதைச் சுற்றிச் சுருளாக்கினான். விரல் நுனிதான் அவனுக்கு அளவுகோல். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே நகம் நுழைந்தால் பிரித்துத் திரும்பச் சுற்றினான். பிறகு உப்பை வெந்நீர் விட்டு அலசி ஊதினான். இன்ஜினிலிருந்து காருக்குள் சூடு கொண்டுவரும் ரப்பர் குழாயை நடுவில் அறுத்து, அங்கே ஒரு சாண் தடித்த செம்புக் குழாயைச் செருகுவது, அதன்மேல் இந்தச் சுருளை ஏற்றி ஈயம் வைப்பது, கழுவுகிற தண்ணீர் சுருள் வழியே ஓடிச் சூடேறிக் கண்ணாடிக்குப் போவது. அவ்வளவுதான் யோசனை.

"தீய கிட்ட கொண்டா. இன்னும் கொஞ்சம். என் கையப் பாக்காத, ஈயத்தப் பாரு."

"கைய எடுங்க, சுட்டுறும்."

"சுட்டா சுடட்டும். கண்ணு போனவனுக்குக் கை எதுக்கு?"

"நேத்து ரெண்டு தட்டு இறைச்சி உள்ள போச்சே, அது எந்தக் கையால?"

அவன் சிரித்தான். ஒரு வருஷத்துக்கு மேலாக அவள் கேட்காத சிரிப்பு. ஆனால் அது பாதியிலேயே அறுந்தது.

"குன்சுலு. அவன் திறக்கல."

"எத?"

"கேன. பெக்சாத் திறக்கல. நாந்தான் திறந்தேன்."

அவள் கையில் தீக்குழல் சீறிக்கொண்டிருந்தது.

"கால் மரத்துப்போச்சு அத்தான்னு அழுதான். இதக் குடிடா, சாராயந்தான்னேன். வேணாம், கப்பு அடிக்குதுன்னான். நான் அதட்டினேன். எனக்கு ரெண்டு மடக்கு, மிச்சமெல்லாம் அவனுக்கு. சின்னவனாச்சே, மொதல்ல அவன் ஒடம்பு சூடாகட்டும்னு… பாசத்துலதான் ஊத்துனேன், குன்சுலு."

கொட்டகைத் தகரத்தில் காற்று மோதியது. குன்சுலுவுக்குக் குழிமேட்டில் தான் கத்திய வார்த்தை காதில் விழுந்தது.

"ஆபீசர் கேட்டப்ப ஏன் தலையாட்டின?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை அவள் ஒருமையில் அழைத்ததில்லை. அவனும் அதைக் கவனித்தான், முகம் தாழ்ந்தது.

"பயம். அப்புறம் நீ வந்து என் தலைய மடியில வச்சுக்கிட்ட. அதுக்கப்புறம் சொல்ல முடியல."

அவள் அழவில்லை, அடிக்கவுமில்லை. திங்கள் காலை நாலு பேர் கடை வாசலில் நிற்பார்கள். "புடி. ஆறிடும்" என்று மட்டும் சொன்னாள். மீதி ஈயத்தையும் வைத்து முடித்துக் காரில் பொருத்தினார்கள். சூடு வெளியே போகாமலிருக்க அவனுடைய பழைய கம்பளி பூட்ஸின் மேல்பாகத்தை வெட்டிச் சுருளைச் சுற்றிக் கம்பியால் கட்டினாள். அன்றிலிருந்து சோறு போட்டாள், பேச்சு இல்லை.

திங்கட்கிழமை குளிர் மைனஸ் இருபத்தேழு. புறப்படும்போது கண்ணாடி கழுவும் தொட்டியில் கொதிநீரை ஊற்றிக்கொண்டாள். நகரம் நெருங்கும் வரை தண்ணீர் பீய்ச்சும் பொத்தானைத் தொடத் தேவை வரவில்லை. கிழவி ரிஸ்தி முன்சீட்டில் உட்கார்ந்து தூங்கி வழிந்தாள். உப்புக் கொட்டிய பகுதிக்கு வந்ததும் எதிரே ஒரு லாரி கடந்து, கண்ணாடி பழுப்பாகியது. குன்சுலு அழுத்தினாள். வெந்நீர் ஆவி பறக்கப் பீய்ச்சியது. அழுக்கு கரைந்து வழிந்து சாலை பளிச்சென்று தெரிந்தது. "அடி சக்க!" என்றாள் கிழவி விழித்துக்கொண்டு. அவள் வாய் மூடுவதற்குள், விளிம்பிலிருந்து வெள்ளையாக ஏதோ ஊர்ந்து நடுவுக்கு வந்தது. கண்ணாடியின் குளிரும் ஓட்டத்தின் காற்றும் சேர்ந்து தண்ணீரை அங்கேயே உறைய வைத்துவிட்டன. வைப்பர் பனிமேல் கரகரவென்று இழுத்தது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை.

பக்கவாட்டுக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, பிரேக்கை விட்டு விட்டு அழுத்தினாள். வண்டி வழுக்கிப் பக்கவாட்டில் திரும்பி, சாலையோரப் பனிமேட்டில் முட்டி நின்றது. பின்னால் வந்த எண்ணெய் லாரி ஹாரனை விடாமல் அலறவிட்டபடி பின்பக்க விளக்கை உரசிப் போனது. விளக்கு மட்டும்தான் போனது. கிழவிக்கு நெற்றியில் புடைப்பு. பின்சீட்டில் ஒருத்தி வாந்தி எடுத்தாள்.

"இதுக்கு அந்த நீல எழவையே ஊத்தித் தொலைச்சிருக்கலாம்டி" என்றாள் ரிஸ்தி, நடுங்கிக்கொண்டே. "செத்தவன் ஒருத்தன் பத்தாதா?"

நகரத்து எல்லையில் குன்சுலு ஒரு கேன் வாங்கினாள். விற்றவன் நீட்டியபோது வாங்கக் கை வரவில்லை. காரில் வைக்கச் சொல்லிப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புருஷனைப் பார்த்துச் சொன்னாள், "கோட்டப் போடு. அப்பா வீட்டுக்குப் போறோம். எங்கிட்டச் சொன்னத அவர்கிட்டயும் சொல்லு."

அவன் கோட்டைத் தடவி எடுத்து மாட்டிக்கொண்டான். வழியில் அவள் பொத்தானை அழுத்தினாள். செயற்கை ஆப்பிள் வாசனை காருக்குள் நிறைந்தது. கண்ணாடி தெளிந்தது, உறையவில்லை. தௌலேன் முகத்தைச் சட்டென்று சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனபின்தான் வாயைத் திறந்தான்.

"மிச்சம் எங்க இருக்கு?"

"டிக்கியில."

"பூட்டிட்டு சாவிய நீயே வச்சுக்க. வீட்டுக்குள்ள கொண்டாராத. சில நாள் நான் சரியா இருக்கறதில்ல."

அவள் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்தாள்.

அவள் அப்பா ஆப்தி தொழுவத்தில் மாட்டுத் தொட்டியின் பனியைக் கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருந்தார். மருமகன் தடவித் தடவி வந்து நின்றதைப் பார்த்து, "உள்ள வாங்க, டீ கொதிக்குது" என்றார்.

"இங்கயே நிக்கிறேன் மாமா" என்றான் தௌலேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னான். சின்னவன் வேண்டாம் என்றதை இரண்டு முறை சொன்னான்.

கிழவர் கடப்பாரையைச் சுவரில் சாய்த்தார். "வேணாம்னா சொன்னான்?"

"ஆமா மாமா."

"அப்ப எம்புள்ள குடிகாரன் இல்ல."

"இல்ல மாமா."

ஆப்தி மறுபடி டீக்கு அழைக்கவில்லை. வீட்டுக்குள் போனார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து குன்சுலுவின் அம்மா குரல் எழுந்தது. மகன் பெயரைச் சொல்லி, அவன் நடையை, அவன் தோளைச் சொல்லி, ராகம் போட்டு அழுத குரல். ஒரு வருஷத்துக்கு மேலாக அடைத்துக் கிடந்த ஒப்பாரி. பக்கத்து வீட்டுப் பெண்கள் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு ஓடி வந்தார்கள். குன்சுலுவும் உள்ளே ஓடி, அம்மாவைக் கட்டிக்கொண்டு, "அவன நாசமாப் போகச் சொன்னேனேம்மா" என்று கதறினாள்.

அவள் வெளியே வந்தபோது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. தௌலேன் விட்ட இடத்திலேயே நின்றிருந்தான். அவனைத் தாண்டிப் பத்துப் பேராவது போயிருப்பார்கள். ஒருவரும் உள்ளே கூப்பிடவில்லை, ஒருவரும் திட்டவுமில்லை. இமை மயிரில் பனி கட்டியிருந்தது. கைகளை உதற முயன்றான், விரல்கள் மடங்கவில்லை.

"அத்த அழறாங்களா?" என்றான்.

"ம்."

குன்சுலு அவன் முழங்கையைப் பிடித்துக் காரில் உட்கார்த்தி, பெல்ட்டை மாட்டிவிட்டாள். இன்ஜின் சூடாகும்வரை காத்திருந்தாள். பிறகு வண்டியைத் தங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினாள்.