மஞ்சள் கவுன் போட்ட பிள்ளை

வருஷா வருஷம் விடுமுறைக்கு அவர்கள் போவது அந்தக் கடலோர விடுதிக்குத்தான். தையல்காரிக்கு வேறு ஊர் பார்க்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் கணவர் பஸ் ஓட்டுநர். "லீவுலயும் ரோடு ரோடா அலையச் சொல்றியா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் அது மாறவில்லை. இந்த முறை மகளும் கூட வந்திருந்தாள். வீட்டில் அவள் பெயர் வாலு. இப்போது ஓர் அலுவலகத்தில் பத்துப் பேரைக் கட்டி மேய்க்கிறவள்.

காலை டீயோடு பால்கனியில் பழைய கதை ஓடியது. அறைச் சாவியைக் கடலில் விட்டது, மழையில் மாட்டி விடுமுறை முழுக்கச் சீட்டாடியது என்று வந்து, வாலு தொலைந்த வருஷத்தில் நின்றது. அப்போது அவளுக்கு ஐந்து வயது. மணலில் விளையாடியவளைக் கண் மூடித் திறப்பதற்குள் காணோம். கரையெல்லாம் சலித்தபின் பார்த்தால், ஐஸ்கிரீம் வண்டி நிழலில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஓசியில எத்தன தின்னேனோ, யாருக்குத் தெரியும்" என்று மகள் சிரித்தாள். தாயும் சிரித்தாள். கணவர் மட்டும் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். பாத்ரூமுக்காக இருக்கும் என்று தையல்காரி நினைத்தாள்.

சற்று நேரத்தில் கீழே ஒரு குரல். "வாலு! ஏ வாலு!"

எட்டிப் பார்த்தாள். செருப்புகூட இல்லாமல் அவர் கடலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். விளையாடுகிறார் என்றுதான் முதலில் தோன்றியது. பேன்ட்டோடு தண்ணீரில் இறங்கியதும் அவள் கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினாள். மூக்குக் கண்ணாடியை ஃப்ரிட்ஜில் வைத்தது, எதிர்வீட்டுக் கதவைத் திறக்கப் பார்த்தது என எதையெல்லாம் 'வயசாச்சு' என்று தள்ளிவிட்டாளோ, அத்தனையும் படிக்கட்டில் கூடவே ஓடி வந்தன.

இடுப்பளவு நீரில் அவர் கையைப் பிடித்தாள்.

"என்னங்க பண்றீங்க?"

"புள்ளயக் காணோம்டி! நீ தச்ச மஞ்சக் கவுன் போட்டிருந்தா. அலை இழுத்துட்டுப் போயிருச்சோ என்னவோ!"

"ஐயோ, இங்க பாருங்க, உங்க பொண்ணு வந்துட்டா!"

மூச்சிரைக்க வந்து நின்ற மகளை அவர் ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, சின்னப் புள்ள ஒண்ணு இந்தப் பக்கம் போச்சே, நீங்க பாத்தீங்களா?"

மகளின் முகம் செத்துப்போனது. ஓர் அலை மூவரையும் தள்ளியது. அவர் பிடியை உதறி இன்னும் ஆழத்துக்கு நகர்ந்தார். இத்தனை காலம் பஸ்ஸை வளைத்த கை அது. தையல்காரியால் பிடித்து நிறுத்த முடியவில்லை.

மகள்தான் சட்டென்று, "பாத்தேன் சார்," என்றாள். "கரையில பத்திரமா இருக்கா. வாங்க, கூட்டிட்டுப் போறேன்."

"அழுதாளா?"

"இல்ல சார். உங்களத்தான் கேட்டா."

குழந்தை மாதிரி கையைக் கொடுத்தார். மணலுக்கு வந்து உட்கார்ந்ததும், "என்னது, மூணு பேரும் இப்படித் தொப்பலா நனைஞ்சிருக்கோம்? வாலு, துண்டு எடுத்துட்டு வா," என்றார், ஒன்றும் நடக்காதது போல. துண்டெடுக்கப் போன மகள் வெகுநேரம் திரும்பவில்லை.

அன்றே மூட்டை கட்டினார்கள். டாக்டர் ஸ்கேன் பார்த்தார், நோயின் பெயரைச் சொன்னார், வேகத்தை மட்டுப்படுத்தத்தான் மருந்து என்றார். தையல்காரி மெஷினை வாசல் கதவோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டாள். உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டாலே மிதியில் கால் நின்றுவிடும். குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் நின்றால், "என்னங்க, இருக்கீங்களா?" என்பாள்.

"எங்க போயிட்டேன்? சோப்பு போடறேன்டி!"

ஒருநாள் போனில் மகளிடம், "பயமா இருக்குடி," என்று சொல்லிவிட்டாள். வாழ்நாளில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை.

"எனக்கும்தாம்மா," என்றாள் மகள்.

அந்த வாரமே பெட்டியோடு வந்து இறங்கினாள். கதவைத் திறந்தவர் அவர்தான். வந்திருப்பது வாலு என்பாரா, யாரோ என்பாரா என்று, மெஷினருகே ஊசியைப் பிடித்தபடி தையல்காரி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.