செவ்வாய்க்கிழமைத் தலைவலி

என் வீட்டுக்காரருக்கு ஒற்றைத் தலைவலி வருவது செவ்வாய்க்கிழமைகளில்தான் என்று கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, நான். மற்ற நாளில் வந்தால்கூட லேசாகத் தொட்டுவிட்டுப் போய்விடும். செவ்வாய் என்றால் போதும், சாயங்காலம் ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் நுழைவார், லைட்டை அணைக்கச் சொல்லிப் படுத்துவிடுவார். கிழமை பார்த்து வருகிற வியாதி எந்த ஊரில் இருக்கிறது? யாரோ எதையோ தின்னக் கொடுக்கிறார்கள் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

அவர் பெயர் ஆவுடைநாயகம். ஆழ்வார்குறிச்சிப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நாங்கள் இருப்பது அம்பாசமுத்திரத்தில். தினமும் பைக்கில் போய் வருகிறார். வலி தொடங்குவதற்கு முன்னால் கண்ணுக்குள் வளைந்து வளைந்து வெளிச்சம் ஓடி, ஒரு பக்கம் பார்வையே மறைந்துவிடுமாம். போன மாதம் அப்படித்தான் எதிரே வந்த டிராக்டர் தெரியாமல் பைக்கோடு வயலுக்குள் இறங்கிவிட்டார். நடவு முடிந்த சேறு, முழங்கைச் சிராய்ப்போடு தப்பினார். ஒவ்வொரு தடவையும் சேறே கிடைக்குமா? ஜல்லி லாரிகள் தலைதெறிக்க ஓடுகிற ரோடு அது. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவர் பைக் சத்தம் கேட்கிறவரை என் உயிர் என்னிடம் இருக்காது.

பாளையங்கோட்டையில் டாக்டர் ஹெப்சிபாவிடம் காட்டினோம். சில பேருக்குச் சில சாப்பாடு தலைவலியைக் கிளப்பும், ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள் என்று அந்த அம்மா நிதானமாகத்தான் சொன்னார். ஒவ்வொன்றாக நிறுத்த எனக்குப் பொறுமை ஏது? ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தினேன். புளித்த மாவு, பழைய தயிர், மோர்மிளகாய், சாக்லேட், கடையில் விற்கிற மசாலாப் பொடி, கனிந்து கறுத்த வாழைப்பழம், எதுவும் வாசல் தாண்டவில்லை. மீனும் முட்டையும் தின்கிறவர்களுக்கு ஒன்று போனால் இன்னொன்று உண்டு. சைவக்காரி இட்லியையும் தயிரையும் விட்டால் எதை வைத்துக் குப்பை கொட்டுவது? விடிவதற்கு முன் எழுந்து புட்டும் இடியாப்பமும் அவித்தேன். அன்றைக்குத் துவையலை அன்றைக்கே அரைத்தேன். காலைக்கு ஒரு டப்பா, மத்தியானத்துக்கு ஒரு டப்பா. ஏழு மணிக்குக் கிளம்புகிறவருக்குக் காலைச் சாப்பாடும் பள்ளிக்கூடத்தில்தான்.

நேரத்துக்குச் சாப்பிடுவாரா, பட்டினி கிடப்பதுண்டா என்றும் அந்த டாக்டரம்மா கேட்டார். இல்லை என்றார் இவர். எங்கள் வீட்டில் யாரும் பட்டினி கிடப்பதில்லை என்று நானும் கொஞ்சம் ரோஷமாகவே சொன்னேன்.

அப்புறமும் செவ்வாய் தவறவில்லை. சந்தேகம் வந்தபின் சும்மா இருக்க முடியுமா? சட்டையை மோந்து பார்த்தேன். பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். சாக்பீஸ் தூள்தான் கொட்டியது. ஆனால் ஒன்று கவனித்தேன். மற்ற நாளில் புட்டில் பாதியை மிச்சம் கொண்டுவருகிறவர், செவ்வாயன்று மட்டும் இரண்டு டப்பாவையும் துடைத்த மாதிரி கொண்டுவந்தார். பிடிக்காத புட்டின் மேல் கிழமை பார்த்து ஆசை வருமா? என் சாப்பாட்டை எவனுக்கோ கொடுத்துவிட்டு இவர் வேறெங்கோ கைநனைக்கிறார்.

எங்கே என்று யோசிக்க வேண்டியதே இல்லை. இவருடைய அக்கா சொர்ணாம்பாள் மதினி வீடு ஆழ்வார்குறிச்சியிலேயே இருக்கிறது. லீவு நாளில் செவ்வாய் வந்தால்கூட அக்காவைப் பார்க்க என்று காலையிலேயே பைக்கை எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை வைத்த சாம்பார், அவியல், புளிக்குழம்பு எல்லாம் மிஞ்சியதை ஒரே சட்டியில் ஊற்றி, நாள்தோறும் சுட வைத்துச் சுண்டக்கறி ஆக்குவதில் மதினி கெட்டிக்காரி. செவ்வாய்க்குள் அது அல்வா மாதிரி இறுகி, தெருவே மணக்கும். அந்தச் சுண்டக்கறிக்கு இவர் சின்ன வயதிலிருந்தே அடிமை. பழைய சாப்பாடு ஆகவே ஆகாது என்று டாக்டர் சொன்னதை நானே மதினியிடம் சொல்லியிருக்கிறேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டு இப்படிச் செய்கிறாளே என்று வயிறு எரிந்தது.

போன செவ்வாய் பஸ் ஏறிப் போனேன். பள்ளிக்கூடத்தில் மத்தியான மணி அடிப்பதற்கு முன்னாலேயே மதினி வீட்டு அடுப்படியில் நின்றேன். அடுப்பில் இருந்தது சுண்டக்கறிதான். பக்கத்திலேயே சோறும் பருப்பும் சூடாக இருந்தன. கேட்கவா வேண்டும்? வாய்க்கு வந்தபடி கேட்டுவிட்டேன். தம்பியைக் கண் தெரியாமல் ரோட்டில் விழவைத்துக் கொல்லப் பார்க்கிறாயா என்றுகூடக் கேட்டேன். மதினி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"செவ்வாய்க்கிழம அவன் வாயில ஒண்ணும் வைக்கமாட்டானே, உலகு. ஒனக்குத் தெரியாதா?"

மதினி பைய என்னை உட்காரவைத்தாள்.

"ரெண்டு வருசம் முந்தி மாருல கட்டின்னு ஒன்னய ஆபரேசனுக்கு உள்ள கொண்டுபோனாவல்லா? அன்னைக்கு வெளிய நின்னு திருச்செந்தூர் முருகனுக்கு நேந்துக்கிட்டான். ஒன்னய உசிரோட குடுத்தா, ஆயுசு பூரா செவ்வாய்க்கிழம பொழுது சாயுற மட்டும் சாப்பிடமாட்டேன்னு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒங்கிட்ட சொல்லப்பிடாதுன்னுட்டான்."

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. டாக்டர் கேட்டதற்கு முகத்துக்கு நேராகப் பட்டினி இல்லை என்றாரே? பொய் சொல்லவில்லை, பாவி மனுசன். விரதத்தைப் பட்டினி என்று எங்கள் வீடுகளில் யார் சொல்லியிருக்கிறார்கள்? நான் மட்டும் அங்கே என் வெள்ளிக்கிழமை விரதத்தை நினைத்துப் பார்த்தேனா? சாப்பிடுகிற ஒவ்வொன்றையும் சந்தேகப்பட்டவளுக்குச் சாப்பிடாமல் இருப்பதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

மதினி சோற்றில் பருப்பைப் போட்டுப் பிசைந்து, நெய் விட்டு, ஒரு தூக்குவாளியில் போட்டுக் கொடுத்தாள். போய் ஊட்டியாவது விடு, சாமி ஒன்றும் கோவிக்காது என்றாள். ஓட்டமும் நடையுமாகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

வேப்பமரத்தடியில் அறிவியல் வாத்தியார் நேசையா சார் என் டப்பாவைத் திறந்து என் இடியாப்பத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெளிச்சம் ஓட ஆரம்பித்துவிட்டது என்று பார்த்ததுமே தெரிந்தது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"என்ன உலகு, இங்கன வந்திருக்க?"

சாப்பிடுங்கள் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அதைச் சொல்லத்தான் ஓடி வந்தேன். வாயைத் திறந்தேன். அடுத்த மாதம் எனக்கு ஸ்கேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இரண்டு வருடமாகக் கட்டி திரும்பவில்லை. யார் கண்டது, எதனால் திரும்பவில்லை என்று? ஆபரேஷனாலும் மருந்தாலுமா, இந்த மனுசன் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பதாலா? இன்றைக்கு இவர் ஒரு வாய் சோறு தின்று, அடுத்த மாதம் அது திரும்பிவிட்டால்?

"தூக்குல என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல" என்றேன். "மதினி எனக்குக் குடுத்தாவ. நீங்க வண்டிய இங்கனயே போட்டுட்டு பஸ்ல வாங்க."

சரி என்று தலையாட்டிவிட்டு, கண்ணைப் பொத்திக்கொண்டு மரத்தடிக்குத் திரும்பினார். நான் தூக்குவாளியை முந்தானையால் மூடிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.