கால் வைக்கக் கூடாத கரை

சுகந்தாவுக்கு நீந்தத் தெரியாது. பருத்தித்துறையில் பிறந்தும் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்காதவள். அவளைத்தான் நஸீஹா நச்சரித்து நச்சரித்து அந்த வெள்ளிக்கிழமை அலுவலகச் சுற்றுலாவில் மஸ்கட்டுக்கு அருகே கடலில் உள்ள தய்மானியாத் தீவுகளுக்குக் கூட்டி வந்திருந்தாள்.

மஸ்கட்டில் ஒரு கட்டுமானக் கம்பெனி அலுவலகத்தில் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. ஆட்களின் விசாவைப் புதுப்பிக்கவும் ரத்துச் செய்யவும் கடிதம் தயாரிப்பது பன்னிரண்டு வருடமாகச் சுகந்தாவின் வேலை. நஸீஹா அதிராம்பட்டினத்துப் பெண். இருபத்து நாலு வயது. வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

தீவருகே படகைக் கட்டியதும் படகோட்டி எல்லாரையும் பார்த்து இந்தியில் சொன்னான். ஆமை முட்டையிடும் மாதம், தீவு மூடியிருக்கிறது. தண்ணீரில் மிதந்து பவளத்தைப் பார்க்கலாம். மணலில் கால் வைத்தால் போலீஸ், கேஸ். "விசா கலாஸ்!", விசா அவ்வளவுதான், என்று கையை விரித்துச் சிரித்தான். அலுவலகக் கூட்டம் முழுதும் சிரித்தது. சுகந்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னக் கேஸுக்காக ஊருக்கு அனுப்பப்பட்டவர்களின் கடிதங்களை அவளே தட்டச்சு செய்திருக்கிறாள். யாழ்ப்பாணத்தில் மகளின் படிப்பு முழுக்க அவள் சம்பளத்தில்தான் ஓடியது.

மிதவைச் சட்டையை இறுக்கிக் கட்டி, நஸீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். நஸீஹா தன் மிதவைச் சட்டையைப் படகிலேயே கழற்றிப் போட்டுவிட்டாள். "இதப் போட்டுக்கிட்டு முங்க முடியலக்கா."

நீச்சல் கண்ணாடியை மாட்டி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்ததும் சுகந்தா பயத்தை மறந்தாள். மூளை மடிப்புப் போலப் பவளம், அதைக் கொறிக்கும் பச்சை மீன்கள், அடியில் அசையாமல் கிடந்த ஓர் ஆமை. எவ்வளவு நேரம் பார்த்தார்களோ தெரியாது. தலையைத் தூக்கியபோது படகு தீப்பெட்டியளவு தெரிந்தது.

கத்தினார்கள். காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. நீரோட்டம் அவர்களைத் தீவின் முனையைச் சுற்றி இழுத்துப் போக, படகு பாறைக்குப் பின்னால் மறைந்தது.  காலுக்குக் கீழே எதுவுமில்லை என்பது சுகந்தாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நஸீஹா சோர்ந்து அவள் தோளைப் பற்றினாள். ஒரு சட்டை இரண்டு பேரைத் தாங்க மறுத்து அமிழ்ந்தது. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. பக்கத்திலேயே வெள்ளை மணல். அதில், உள்ளே வரக் கூடாது என்று ஓர் அறிவிப்புப் பலகை.

"அக்கா, கரைக்குப் போயிரலாம்க்கா."

"அந்தக் கரையிலை கால் வைக்கேலாது பிள்ளை. சொன்னவன் எல்லே? கொஞ்சம் பொறு, போட் வரும்."

நஸீஹா அவள் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். போட் வரவில்லை. சுகந்தா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று தோளில் இருந்த கனம் இல்லை. திரும்பினால் தண்ணீருக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்தது.

"ஐயோ, பிள்ளை!"

முடியைப் பிடித்து இழுத்தாள். எப்படி உதைத்தாள், எதை உதைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பவளம் முழங்காலைக் கிழித்தது. நஸீஹாவை ஈர மணலில் தள்ளிக் குப்புறப் போட்டாள். அவள் வாந்தியெடுத்து, இருமி, பின் மூச்சு விட்டாள். ஆமை ஊர்ந்த தடம் ஒன்று அவர்களுக்குப் பக்கத்தில் மேலேறிப் போயிருந்தது. அதில் கை படாமல் சுகந்தா உடம்பை ஒடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். நிழல் இல்லை. குடிக்கத் தண்ணீர் இல்லை. 

காவல் படகு வந்தபோது அவள் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "சார், சாரி சார்... நாங்க மணலிலை நடக்கேல்லை சார்..." தமிழிலேயே சொல்கிறாள் என்பதுகூட அவளுக்குப் புரியவில்லை.

சீருடைக்காரர் அவள் முழங்காலைப் பார்த்தார். தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். இருவரின் பேரையும் எழுதிக்கொண்டார். தீவின் மறுபக்கம் தேடித் தவித்த படகோட்டிதான் அவருக்குத் தகவல் சொல்லியிருந்தான். "உயிருக்கு ஆபத்தென்றால் கரையேறலாமே, எதற்கு சாரி?" என்று இந்தியில் கேட்டார்.  எழுதிய அந்தக் குறிப்புப் புத்தகத்தை விட்டுச் சுகந்தாவின் கண் நகரவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மாதம், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் அவள் முதல் மணியிலேயே எடுத்தாள். போலீஸிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கேஸும் வரவில்லை.

ஒருநாள் தேநீர் நேரத்தில், தாங்க முடியாமல் அவளே சொன்னாள். "நீ தாழேக்கையும் நான் விசாவைத்தான் யோசிச்சுக்கொண்டிருந்தனான், நஸீஹா. கடலுக்கு அவ்வளவு பயப்படேல்லை."

நஸீஹா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்கும் அந்தப் பயந்தான்க்கா. அதான் கரைக்குப் போவோம்னு ரெண்டாவது தடவ கேக்கல."

தேநீர் நேரம் முடிந்ததும் சுகந்தா மேசைக்குத் திரும்பி, பாதியில் விட்டிருந்த ரத்துக் கடிதத்தைத் தட்டச்சு செய்யத் தொடங்கினாள்.