ப்ரீத்தி வைக்கும் மிச்சம்

தொண்ணூற்றொன்பது ஜூனில் யார் என் முன்னால் வந்து "பிள்ளை சாப்பிட்டாளா?" என்று கேட்டாலும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறும். கேட்காத ஆள் கிடையாது. என் வீட்டுக்காரர் தங்கராஜ் மராத்திச் சீமையில், போசரியில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சாயங்காலம் வந்து ஷூவைக் கழற்றுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்பார். பாளையங்கோட்டையிலிருந்து அவருடைய அக்கா, என் மதினி, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் போட்டு அதைத்தான் கேட்பாள். கீழ்வீட்டு மராத்திக்காரி மாடிப்படியில் மறித்து இந்தியில் கேட்பாள். டாக்டர் வாயைத் திறந்து கேட்க மாட்டார். பிள்ளையை எடை மெஷினில் ஏற்றி, முள்ளைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்ப்பார். மூன்றரை வயதுப் பிள்ளை பதினொன்றரை கிலோ இருந்தால் குற்றவாளி யார்? அம்மாக்காரிதான். விசாரணையே இல்லை, நேரே தண்டனைதான்.

எனக்கு மங்கையர்க்கரசி என்று நீளமாக ஒரு பெயர் உண்டு. ப்ரீத்தி பிறந்ததிலிருந்து அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

அவளுக்குச் சோறு ஊட்டுவது தனி உத்தியோகம். கசார்வாடியில் எங்கள் வீடு ரயில்வே லைனை ஒட்டி, இரண்டாவது மாடியில் இருந்தது. கிண்ணத்தில் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டு, பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பால்கனியில் நிற்பேன். லோணாவளா லோக்கல் போனால் ஒரு வாய். கூட்ஸ் வண்டி வந்தால் எனக்கு யோகம், பெட்டி எண்ணி முடிப்பதற்குள் நாலு வாய் உள்ளே போய்விடும். ரயில் இல்லாத நேரத்தில் காக்கா. காக்காவும் இல்லாவிட்டால் எதிர் மாடியில் துணி காயப்போடுகிற பெண்பிள்ளை. இப்படி ஒன்றரை மணி நேரம் நின்று இடுப்பு ஒடிந்த பிறகு பார்த்தால், கிண்ணத்தில் சரிபாதி அப்படியே இருக்கும். வாயை இறுக்கி மூடிக்கொண்டு "போதும்மா" என்பாள். கெஞ்சியிருக்கிறேன். பூச்சாண்டியைக் கூப்பிட்டிருக்கிறேன். ஒரு நாள் ஆத்திரத்தில் தொடையில் ஒன்று வைத்துமிருக்கிறேன். அழுவாளே தவிர வாயைத் திறக்க மாட்டாள். பாதி என்றால் பாதிதான்.

மிச்சத்தைக் குப்பையில் போட எனக்கு மனசு வராது. அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற தொட்டி ஓரமாக நின்றுகொண்டு, அந்தக் கிண்ணத்திலேயே கையை விட்டு அள்ளி வாயில் போட்டுக்கொள்வேன். குழைந்து, ஆறி, பிள்ளையின் எச்சில் ஊறின சோறு. எங்கள் வீடுகளில் எச்சில் விஷயத்தில் ரொம்பக் கறார். சின்ன வயதில் தம்ளரை உதட்டில் வைத்துத் தண்ணீர் குடித்தால் என் அம்மா முதுகில் சாத்துவாள். ஆனால் பெற்ற பிள்ளை வைத்த மிச்சத்தை அம்மா தின்பது மட்டும் எச்சிலில் சேராதாம். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தாலும், உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டவனாகத்தான் இருப்பான்.

இதற்கு நடுவில்தான் பாங்கிலிருந்து கடிதம் வந்தது. நான் பாங்கு கிளார்க். பிள்ளைக்காகச் சம்பளமில்லாத லீவை நீட்டி நீட்டி, இனிமேல் நீட்ட இடமில்லை. ஜூன் இருபத்தெட்டாம் தேதி திங்கட்கிழமை வந்து சேராவிட்டால் வேலையை விட்டதாக எடுத்துக்கொள்வோம் என்று எழுதியிருந்தார்கள். பரீட்சை எழுதி, யார் சிபாரிசும் இல்லாமல் நான் வாங்கின வேலை அது. எனக்கென்று மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதை விட எனக்குச் சம்மதமில்லை.

பக்கத்துத் தெருவில் லேலே காகூ என்கிற அம்மாள் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டாள். அந்த மாதிரி இடத்துக்கு அங்கே பாளணாகர் என்று பெயர். காலையில் விட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு அழைத்துக்கொள்ளலாம். அவள் போட்டது ஒரே ஒரு நிபந்தனை. பிள்ளை தன் டப்பாவைத் தானே சாப்பிட வேண்டும். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு ஊட்ட அவளுக்குக் கை இல்லை. இரண்டு வாரம் பார்க்கிறேன், சரிப்பட்டால் சேர்த்துக்கொள்கிறேன் என்றாள். முதல் வாரம் ப்ரீத்தியின் டப்பா திறக்காமலே திரும்பி வந்தது. நானும் புது இடம், பழகட்டும் என்று இருந்தேன்.

இரண்டாவது வாரம் புதன்கிழமை அழைத்துவரப் போனபோது லேலே காகூ என்னை உள்ளே கூப்பிட்டாள். முகம் சரியில்லை.

"தும்சி முல்கி சகள்யாஞ்ச உஷ்ட காதே" என்றாள். உங்கள் பிள்ளை எல்லாருடைய எச்சிலையும் தின்கிறாள்.

எனக்குப் புரியாது என்று நினைத்தாளோ என்னவோ, இந்தியில் விளக்கமாகச் சொல்ல ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடும்போது ப்ரீத்தி உட்காருவதே இல்லையாம். ஒவ்வொருவர் பின்னாலும் போய் நின்று "சாப்பிடு, சாப்பிடு" என்கிறாளாம். தண்ணீர் எடுத்துக் கொடுக்கிறாளாம். எல்லாரும் எழுந்து போனபிறகு, டப்பாக்களைக் கழுவ வைத்திருக்கும் இடத்துக்குப் போய், நின்றபடியே ஒவ்வொரு டப்பாவிலும் கையை விட்டு வழித்துத் தின்கிறாளாம். அதை ஒரு பிள்ளையின் தாய் பார்த்துவிட்டு, சீக்கு வந்தால் யார் பொறுப்பு என்று சத்தம் போட்டுவிட்டுப் போனாளாம்.

"வீட்டில் சாப்பாடு போடுகிறீர்கள்தானே?" என்று கடைசியில் கேட்டாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்பாள். அன்றைக்கும் பிள்ளை தன் டப்பாவைத் திறக்காவிட்டால், மன்னிக்க வேண்டும், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள்.

வீட்டில் சாப்பாடு போடுகிறேனா! அந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கட்டடமே நின்றிருக்கக் கூடாது. ஒன்றரை மணி நேரம் ரயில் காட்டி ஊட்டுகிறவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? பிள்ளையைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. குடையைக் கூட விரிக்கவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் அவளைப் பிடித்து உலுக்கினேன். "ஏட்டி, ஒனக்கு என்ன கொறை வச்சேன்? டப்பா நெறைய நெய்ச்சோறு வச்சு அனுப்புதேன், ஊரான் பிள்ளைக எச்சியத் திங்கியே!"

ப்ரீத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். பயப்படவில்லை. நான் இது கூடத் தெரியாமல் கேட்கிறேனே என்பது மாதிரிதான் பார்த்தாள்.

"நான் அங்க அம்மால்லா" என்றாள்.

எனக்கு அது காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. முதுகில் ஒன்று வைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் தங்கராஜ் வந்தார். அவருக்குத் தட்டு போட்டு, சோறு போட்டு, ரசத்தை ஊற்றிவிட்டு, கரண்டியோடு நின்றபடியே நடந்ததைச் சொன்னேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு கேட்டார்.

"பேசாம வேலைய விட்டுரு. பிள்ளை சாப்பாடு பெருசா, ஒன் பாங்கு பெருசா?"

"அவளுக்கு அங்க இன்னும் ரெண்டு நாள் போனா பழகிரும்."

"எச்சி திங்கதுதான் பழகும். நம்ம வீட்டுல இல்லாத பழக்கம், எங்க இருந்து வந்துதுன்னே தெரியல."

"எங்க இருந்து வந்துதா? அந்தா, அந்தத் தொட்டிப் பக்கத்துல இருந்து வந்துது" என்று கரண்டியை நீட்டிக் காட்டினேன். "மூணு வருசமா நான் அங்க நின்னுதான் அவ மிச்சத்தத் திங்கேன். நீங்க ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே அது விளங்கியது. அங்கே தான்தான் அம்மா என்று பிள்ளை சொன்னதும் இதைத்தான், அதற்குத்தான் அவளை அடித்திருக்கிறேன்.

அவர் அடுத்த கவளத்தை உருட்டினார். பிறகு சொன்னார்: "நீ ஒக்காந்து தின்னா யாரு வேண்டாங்கா?"

உண்மைதான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வா, வந்து உட்கார் என்றும் ஒருத்தரும் சொல்லவில்லை. மதினி சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை, என்னைப் பெற்றவள் சொல்லவில்லை. நானும்தான் எனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. அவர் மேல் வந்த கோபத்தை விட என் மேல் எனக்கு வந்த கோபம் பெரிது. இரண்டையும் சேர்த்து அன்றைக்குப் பாத்திரங்கள் மேல்தான் காட்டினேன்.

மறுநாள் பிள்ளையை அனுப்பவில்லை. மத்தியானம் அவளுக்குப் பிரெட்டும் பாலும் கொடுத்துச் சமாளித்தேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு, அவர் வருவதற்கு முன்னால், குக்கரை இறக்கினேன். பால்கனிக் கதவைச் சாத்தினேன். அவளைத் தரையில் உட்கார வைத்து, தட்டில் பருப்புச் சோற்றைப் போட்டு, எதிரில் நானும் உட்கார்ந்தேன்.

"இன்னைக்கு ரயிலும் கெடையாது, காக்காவும் கெடையாது. நீயே எடுத்துத் தின்னு."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சின்னச் சின்னக் கவளமாக எடுத்து, சிந்திச் சிந்தி, தானே தின்றாள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இந்தக் கைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, நான்தான் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இடுப்பு ஒடிய நின்றிருக்கிறேன். தட்டில் சரிபாதி ஆனதும் நிறுத்தினாள். மிச்சச் சோற்றை விரலால் ஒரு ஓரமாக ஒதுக்கி, தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"போதும்மா."

"ப்ரீத்தி, என் பொறுமையச் சோதிக்காத. முழுக்கத் தின்னு."

"முழுக்கத் தின்னா நீ என்னத்தத் திம்பே?"

எத்தனை நாள் கெஞ்சல், எத்தனை பூச்சாண்டி, தொடையில் வைத்த அடி. எல்லாவற்றுக்கும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு இந்தச் சுண்டெலி எனக்குச் சோறு மிச்சம் பிடித்திருக்கிறது.

"அம்மாக்கு வேற சோறு இருக்குட்டி" என்றேன்.

"எங்க?"

"குக்கர்ல."

அவள் நம்பவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். மூடியைத் திறந்து குக்கரைச் சாய்த்துக் காட்டினேன்.

"அது அப்பாக்கு" என்றாள்.

பார்த்தேன். சரியாகத்தான் சொன்னாள். அதில் இருந்தது ஒரு ஆள் சோறு, அவருடையது. பிள்ளைக்கும் அவருக்குமாக ஒரு உழக்கு அரிசி போடுவேன். எனக்கென்று எப்போது போடாமல் விட்டேன் என்று யோசித்துப் பார்த்தேன். தெரியவில்லை. முதலில் வீணாகிறதே என்று ஒரு பிடி குறைத்திருப்பேன். அப்புறம் இன்னொரு பிடி. எப்படியும் பிள்ளை மிச்சம் வைப்பாள் என்று கடைசியில் ஒன்றுமே போடாமல் ஆகிவிட்டது. அந்த வீட்டில் எனக்குச் சோறு இல்லை என்று மூன்றரை வயதுப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. வடித்த எனக்குத் தெரியவில்லை. தூ என்று என் மூஞ்சியிலேயே துப்பிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்னொரு உழக்கு வைத்திருக்கலாம். அரிசி டப்பா பக்கத்தில்தான் இருந்தது. எனக்கு அதுவரைக்கும் பொறுக்கவில்லை. அவர் தட்டை எடுத்தேன். குக்கரில் இருந்த சோறு முழுவதையும் அதில் கொட்டினேன். ஆவி பறந்தது. பருப்பை ஊற்றி, நெய்யை ஊற்றி, அவருக்கென்று பொரித்து வைத்திருந்த அப்பளத்தையும் எடுத்துக்கொண்டு வந்து பிள்ளைக்கு எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். வாய் சுட்டது. சுட்டால் சுடட்டும் என்று தின்றேன்.

ப்ரீத்தி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திங்கட்கெழமையில இருந்து அம்மாவும் டப்பா கொண்டு போவேன், பாங்குக்கு. என் டப்பாவ நான் ஒக்காந்து திம்பேன். ஒன் டப்பாவ நாளையில இருந்தே நீ ஒக்காந்து திங்கணும். சரியா?"

"முழுக்கவா?"

"முழுக்க. யாருக்கும் மிச்சம் வைக்கக் கூடாது."

நான் பேச்சுக்குச் சொல்கிறேனா, நிஜமாகவே தின்கிறேனா என்று பார்த்தாள். என் தட்டில் பாதிக்கு மேல் காலியான பிறகுதான், தள்ளி வைத்த தன் தட்டை இழுத்து மடியோடு வைத்துக்கொண்டு, ஒதுக்கி வைத்த சோற்றில் கையை வைத்தாள்.

வாசலில் மணி அடித்தது. அவர்தான்.

"அப்பா, இரு! நாங்க சாப்பிடுதோம்!" என்று ப்ரீத்தி வாயில் சோற்றோடு கத்தினாள்.

மறுபடியும் மணி அடித்தது. என் தட்டில் இன்னும் நாலு வாய் இருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.